பிஷப்புக்குக் கொடுத்த ராசிக்காசு

பன்க்ளோடி, வெக்ஸ்ஃபோர்ட்
12 நவம்பர் 2005

அன்புள்ள நோரீன் அக்காவுக்கு,

உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இங்கே நானும் பிரீடும் சுகம். போனில் பேசினால் என்ன என்று கேட்டிருந்தாய். போன் சமையலறையில் இருக்கிறது, என் மனைவி பிரீடும் அங்கேதான் இருக்கிறாள். தவிர, போனை எடுத்தால் மழையைப் பற்றித் தவிர எனக்கு வேறு பேச்சு வருவதில்லை. எழுதுகிறேன், அதுவே போதும்.

போன ஞாயிறு பிஷப் ஜெயித்துவிட்டது. லாயத்தில் எல்லோரையும் மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்க்கிறதே என்று கோடை விடுமுறையில் உன் மகள் டெர்வ்லா பெயர் வைத்தாளே, அதே கறுப்புக் குதிரைதான். மூன்று மைல், பதினைந்து வேலி, உழுத வயல் மாதிரி தரை. பன்னிரண்டு குதிரை நீளம் முன்னால் வந்தது. நான் சேற்றைக் கழுவி முடிப்பதற்குள் மூன்று தரகர்கள் வந்து நின்றார்கள். இருபத்தாறு வருடமாகக் குட்டி வாங்கி, பழக்கி, ஒரு பந்தயம் ஓட்டி விற்கிறேன். தரகர்கள் என்னைத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை.

பக்கத்துப் பண்ணைக்காரன் ஃபர்லாங் போன வருடம் ஒரு செம்பட்டைக் குதிரையை ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் யூரோவுக்கு விற்றான் இல்லையா? அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டு, "என்ன டெக்லன், உன் குதிரைங்க இன்னும் புல்லுதான் திங்குதா, இல்ல கேக் கேக்குதா?" என்கிறான். ஊரே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன். சிரித்துச் சிரித்து என் வயிறு எரிகிறது.

டிசம்பர் ஏலத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். உன் முதலாளி ஒரு குதிரை தேடுவதாகச் சொன்னாயே, அவர் காதில் போட்டு வை. குதிரைக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. தினமும் காலையில் அரை மணி நேரம் ஸ்லேனி ஆற்றில் முழங்காலளவு தண்ணீரில் நிறுத்துகிறேன். உடம்பு நன்றாகவே இருக்கிறது.

உன் தம்பி,
டெக்லன்


வின்ச்கம், கிளாஸ்டர்ஷயர்
20 நவம்பர் 2005

அன்புத் தம்பி டெக்லனுக்கு,

கடவுள் கிருபையில் இடுப்பு பரவாயில்லை, படி ஏறும்போதுதான் திட்டுகிறேன். பிரீடுக்கு என் அன்பைச் சொல்.

உன் கடிதத்தைப் படித்ததும் பார்ஜிட்டரிடம் சொல்லிவிட்டேன். அவருடைய வீட்டைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன், அவருக்கு எங்கே அரிக்கும் என்று எனக்குத் தெரியும். குளிர்பதன லாரித் தொழிலில் அவருக்குக் கூட்டாளியாக இருந்த லாக்ஸ்டன், பிரிந்து போன பிறகு ஒரு குதிரை வாங்கி மார்ச் மாதப் பெரிய பந்தயத்தில் ஜெயித்தானாம். இவரை விருந்துக்குக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும், "இந்தக் கோப்பையக் கொஞ்சம் பிடிச்சுக்கோ, நான் டையைச் சரி பண்ணிக்கிறேன்" என்றானாம். அதை ஒருவன் படம் எடுத்துவிட்டான். அந்தப் படத்தை இவர் கழிவறையில் மாட்டி வைத்திருக்கிறார். வாரா வாரம் தூசி தட்டுவது நான்தான்.

குதிரையின் முன்கால் எது பின்கால் எது என்று கேட்டால் யோசிப்பார். ஆனால் அந்தக் கோப்பை வேண்டும். லாக்ஸ்டன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இன்னொன்று. "உன் தம்பி குதிரைய வாங்கினா உன் பொண்ணுதான் ஓட்டணும், அப்பத்தான் கதை நல்லாருக்கும்" என்றார். டெர்வ்லாவுக்கு இருபத்திரண்டு முடியப்போகிறது. அவள் ஜாக்கியாக இருக்கிற லாயத்தில் ஆண்பிள்ளைகள் வேண்டாம் என்று தள்ளுகிற குதிரைகள்தான் அவளுக்கு. ஒரே ஒரு நல்ல குதிரை கிடைத்தால் போதும், அவள் வாழ்க்கை திரும்பிவிடும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நானும் நம் வீட்டு லாயத்தில் வளர்ந்தவள்தான். நவம்பர் குளிரில் குதிரையை ஏன் ஆற்றில் நிறுத்துகிறாய்? காலில் சூடு, வீக்கம் ஏதாவது இருக்கிறதா?

அக்கா,
நோரீன்


பன்க்ளோடி
27 நவம்பர் 2005

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது, நலம் அறிந்தேன். இங்கே ஆறு நாளாக மழை.

சூடெல்லாம் ஒன்றும் இல்லை. சேறுதான். குழாயில் கழுவினால் அது உதைக்கிறது, ஆற்றில் சமர்த்தாக நிற்கிறது. ஏலத்தில் அவர்கள் டாக்டரும் பார்ப்பார் இல்லையா?

டெர்வ்லாதான் ஓட்ட வேண்டும் என்று அவர் சொன்னதைப் படித்தேன். அது அவசியமா? பெரிய இடத்து ஜாக்கி யாராவது ஓட்டட்டுமே.

டெக்லன்


வின்ச்கம்
15 டிசம்பர் 2005

என் அருமைத் தம்பி,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வேண்டாம், ராஜா மாதிரி இருப்பாய். ஆனால் உன் மேல் கோபமாக இருக்கிறேன். மூன்று வருடம் கழித்து இங்கிலாந்து மண்ணை மிதிக்கிறாய், என் வீட்டில் ஒரு வாய் தேநீர் குடிக்காமல், மருமகள் முகத்தைக்கூடப் பார்க்காமல் ராத்திரிக் கப்பலைப் பிடித்து ஓடிவிட்டாயே! அவள் லாயத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். "மாமா எங்கம்மா?" என்று கேட்டாள். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று சமாளித்தேன்.

ஏலக் கூடத்தில் நான் பார்ஜிட்டர் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு லட்சம் வரை ஆறேழு பேர் இருந்தார்கள். மூன்று லட்சத்தில் இவரும் லாக்ஸ்டனும் மட்டும்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் குதிரையைப் பார்க்கவே இல்லை, ஒருத்தரை ஒருத்தர்தான் பார்த்தார்கள். பிஷப் நடுவில் நின்று கொட்டாவி விட்டது. மூன்று லட்சத்து எண்பதாயிரம் பவுண்டில் லாக்ஸ்டன் போதும் என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நோரீன், அவன் மூஞ்சியப் பாத்தியா? நான் குதிரையா வாங்கினேன்? அந்த மூஞ்சிய வாங்கினேன்" என்றார். காரில் ஏறியதும், "இவ்வளவு பெரிய வீட்ல நானும் நீயும் டிவியும்தானே இருக்கோம், இனிமே சனிக்கிழமை ஆனா போறதுக்கு ஒரு இடம் இருக்கும்" என்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

நீ அவர் கையில் திணித்த உறையைப் பிரித்துப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வித்தவன் எதுக்கு எனக்குக் காசு தர்றான்?" என்றார். எங்கள் பக்கத்தில் குதிரை விற்றவன் வாங்கியவனுக்கு ராசிக்காசு கொடுப்பது வழக்கம், குதிரையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்து போக வேண்டும் என்பதற்காக என்று விளக்கினேன். எண்ணிப் பார்த்தால் ஐயாயிரம் பவுண்டு, எல்லாம் ஐம்பது பவுண்டு நோட்டு, மொத்தம் நூறு! அப்பா வழக்கமாக இருபதுதானே கொடுப்பார் டெக்லன். என் தம்பிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அவர் அதை அப்படியே டெர்வ்லாவிடம் கொடுத்து, "அதிர்ஷ்டம் மேல உக்கார்றவளுக்குத்தான் வேணும்" என்றார். அவள் அதிலிருந்து செலவு செய்ய மாட்டாளாம். பந்தயத்தன்று ஒரு நோட்டைப் பூட்ஸுக்குள் வைத்துக்கொள்வாளாம்.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். உடனே பதில் எழுது.

அக்கா


பன்க்ளோடி
30 ஜனவரி 2006

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். டிசம்பரிலிருந்து இருமல், இப்போது தேவலை. பிரீடுக்குப் புது அடுப்பு வாங்கினேன். ஃபர்லாங் இப்போதெல்லாம் கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்து, பூசை முடிந்ததும் பக்கவாசல் வழியாகப் போய்விடுகிறான். அதைப் பார்த்தால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பிஷப்பை அவசரப்படுத்த வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் சொல்லச் சொல். சின்ன வயசு, எலும்பு இன்னும் முற்றவில்லை. இந்த வருடம் முழுக்கப் புல்வெளியில் விட்டுவிட்டு அடுத்த வருடம் ஓட்டினால் அதற்கு நல்லது. இங்கிலாந்தில் பெரிய லாயங்களில் அப்படித்தானே செய்வார்கள்? முக்கியமாகக் காய்ந்த தரையில் ஓட்டவே கூடாது. இதைக் கட்டாயம் சொல்.

டெக்லன்


வின்ச்கம்
12 பிப்ரவரி 2006

அன்புத் தம்பி,

இருமலுக்குத் தேனும் விஸ்கியும் சாப்பிடு, விஸ்கியைக் குறைத்துச் சாப்பிடு. நான் நலம்.

நீ சொன்னதைச் சொன்னேன். பயிற்சியாளர் யோசித்தார். பார்ஜிட்டர் யோசிக்கவே இல்லை. "அடுத்த வருஷமா? லாக்ஸ்டன் குதிரை இந்த மார்ச்ல ஓடுது. எனக்கு அறுபத்தெட்டு வயசு, மூணு லட்சத்து எண்பதாயிரத்தப் புல்லு மேய விட்டுட்டு வேடிக்கை பாக்கவா?" என்று சத்தம் போட்டார். அந்த விலைதான், டெக்லன், குதிரையை விரட்டுகிறது. மூவாயிரத்துக்கு வாங்கியிருந்தால் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்கும்.

போன சனிக்கிழமை முதல் பந்தயம் ஓடியது, டெர்வ்லாதான் ஓட்டினாள், ஆறு நீளத்தில் ஜெயித்தாள்! இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, மாமாகிட்ட சொல்லு, இது குதிரையே இல்ல. நான் நெனைக்கிறதுக்கு முன்னாடி இதுக்குத் தெரிஞ்சுடுது" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மார்ச்சிலும் அவளேதான்.

மறுநாள் காலை பிஷப் இடது முன்காலை லேசாகத் தாங்கி நடந்ததாம். கட்டுப் போட்டு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்கள். இப்போது சரியாகிவிட்டது. சேறாக இருக்கும்.

நோரீன்


பன்க்ளோடி
20 பிப்ரவரி 2006

அக்கா,

நலம், நலமறிய ஆவல்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப்போட்டு மறுபடி எழுதுகிறேன். மார்ச்சில் டெர்வ்லா பிஷப்பை ஓட்ட வேண்டாம். வேறு குதிரை ஓட்டட்டும், அல்லது அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளட்டும். காரணம் கேட்காதே. அவளை முதன்முதலில் மட்டக்குதிரையில் தூக்கி உட்கார வைத்தவன் நான். அவளுக்கு அப்போது நான்கு வயது, கடிவாளத்தை விட்டுவிட்டு என் காதைப் பிடித்துக்கொண்டாள். அந்த உரிமையில் கேட்கிறேன்.

டெக்லன்


வின்ச்கம்
1 மார்ச் 2006

டெக்லன்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

காரணம் கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? உனக்கு ஏதாவது தெரியுமென்றால் அதை முழு வாக்கியமாக, உன் கையெழுத்தோடு எழுது. எழுத முடியாதென்றால் என் பெண்ணின் வாய்ப்பைக் கெடுக்காதே. அவள் புருவம் கிழிந்து, தோள்பட்டை இரண்டு தடவை உடைந்து, சாணி அள்ளி இந்த இடத்துக்கு வந்திருக்கிறாள். லாயத்தில் இரண்டு பையன்கள் அவள் எப்போது விலகுவாள் என்று காத்திருக்கிறார்கள். நீயும் அந்த வரிசையில் நிற்கிறாயா?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். டெர்வ்லாவிடம் சொல்லவில்லை. பதினேழாம் தேதி, நம் புனித பாட்ரிக் திருநாள் அன்று ஓட்டம். தொலைக்காட்சியில் பார்.

நோரீன்


பன்க்ளோடி
19 மார்ச் 2006

அக்கா,

எந்த வார்த்தையில் நலம் விசாரிப்பது? டெர்வ்லா உயிரோடு இருக்கிறாள், முதுகில் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள் என்று பிரீட் போன் செய்து தெரிந்துகொண்டாள். நான் போன் பக்கத்தில்தான் நின்றேன், வாங்கிப் பேசத் தைரியம் வரவில்லை.

திருநாள் என்பதால் மதுக்கடையில் நிற்க இடமில்லை. நம் ஊர்க் குதிரை என்று எல்லோரும் மேசையைத் தட்டிக்கொண்டு கத்தினார்கள். கடைசிக்கு முந்தைய தடைக்கு வரும்போது லாக்ஸ்டன் குதிரையும் பிஷப்பும் ஒன்றாக வந்தன. ஃபர்லாங்கூட, "உடாதடி பொண்ணே, உடாத!" என்று கத்தினான். தடைக்கு மூன்று எட்டு முன்னாலேயே பிஷப் பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றியதை நான் பார்த்துவிட்டேன். அந்தக் கடையில் இருந்த நூறு பேரில் எனக்கு மட்டும்தான் அடுத்தது என்ன என்று தெரியும். தாண்டி இறங்கியதும் கால் மடிந்தது. அவள் அதன் அடியில் போனாள். கூட்டத்துக்குத் தெரியாமல் குதிரையின் உயிரை முடிக்க, பச்சைத் திரையைக் கொண்டுவந்து அதைச் சுற்றிக் கட்டினார்கள். ஃபர்லாங் தொப்பியைக் கழற்றிவிட்டு என் தோளில் கையை வைத்தான். "உன் தப்பு ஒண்ணும் இல்லப்பா. குதிரைன்னா இதெல்லாம் இருக்கு" என்றான். அந்தக் கையைத் தட்டிவிட எனக்குத் தெம்பு இல்லை.

நீ கேட்ட முழு வாக்கியம் இதோ. நவம்பரில் ஜெயித்த மறுநாள் இடது முன்காலில் சூடு இருந்தது. நம் ஊர் டாக்டரைக் கூப்பிட்டால் வெளியே தெரிந்துவிடும் என்று கார்லோ பக்கத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்து ஸ்கேன் எடுத்தேன். காலின் பின்பக்கத் தசைநாரில் பயறு அளவுக்கு ஒரு துளை. "ஒரு வருஷம் புல்வெளியில விட்டுடு டெக்லன், அதுவா ஆறிடும். ஓட்டினா அறுந்துடும்" என்றார். படத்தைச் சேணப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஒரு மாதம் ஆற்றில் நிறுத்தி வீக்கத்தை இறக்கினேன். ஏல டாக்டர் கையால் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான்.

வாங்குகிறவர்கள் எப்படியும் ஒரு வருடம் ஓய்வு கொடுப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயிற்றுக்கில்லாமல் செய்யவில்லை அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஃபர்லாங் வாயை மூட வேண்டும் என்று செய்தேன்.

அந்தப் பணம் முழுவதையும் கொடுத்துவிடுகிறேன். நேரில் வந்து டெர்வ்லாவின் காலில் விழுகிறேன். எப்போது வரட்டும், சொல்.

டெக்லன்


வின்ச்கம்
23 ஏப்ரல் 2006

டெக்லன்,

பிரீடுக்கு என் அன்பு. அவளுக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கிறேன்.

டெர்வ்லாவை முதுகெலும்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே ஊசியால் குத்திப் பார்க்கிறார்கள். அவள் டாக்டர் முகத்தைப் பார்த்துத்தான் குத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்கிறாள். இனி நடக்க மாட்டாள்.

பார்ஜிட்டர் பெரிய பூங்கொத்தோடு வந்து பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். அழுதார், பொய்யழுகை இல்லை. போன வாரம் ஏலத்தில் நாலு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு இன்னொரு குதிரை வாங்கியிருக்கிறார். பிஷப்புக்கு இன்சூரன்ஸ் வந்துவிட்டதாம், லாக்ஸ்டனும் கை தூக்கினானாம். நான் வேலையை விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, டெர்வ்லாவிடம் காட்டவும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். எனக்குப் பதினொரு வயதில் அப்பா ஒரு சாம்பல் நிறப் பெண் குதிரையை விற்றார், உனக்கு ஞாபகம் இருக்காது. எப்போதும் இருபது கொடுக்கிறவர் அன்றைக்கு இருநூறு ராசிக்காசு கொடுத்தார். அதற்கு ஒரு கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து, யாராவது ராசிக்காசை அள்ளிக் கொடுத்தால் விற்ற குதிரையில் என்ன குறை என்றுதான் என் கண் பார்க்கும்.

ஏலத்தன்று அந்த உறையின் கனத்தைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது டெக்லன். ஆறு, சேறு, எல்லாம் சேர்ந்து தெரிந்துவிட்டது. தெரிந்துதான் உனக்குப் பெரிய மனசு என்று எழுதினேன். தெரிந்துதான் உன் பிப்ரவரிக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். அவள் ஒரு பெரிய பந்தயம், ஒரே ஒரு பெரிய பந்தயம் ஜெயித்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். நீ ஃபர்லாங்குக்காகச் செய்தாய், பார்ஜிட்டர் லாக்ஸ்டனுக்காகச் செய்தார், நான் அவளுக்காகச் செய்தேன். என்னைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவள் கண்ணை மூடினால் அந்தத் தடைதான் வருகிறதாம். "நான்தாம்மா தப்பான எடத்துல தாண்டச் சொன்னேன். ஒரு எட்டு பொறுத்திருந்தா கால் மடிஞ்சிருக்காது" என்று தினமும் சொல்கிறாள். நான் தலையணையைச் சரிசெய்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுகிறேன். யாராவது ஒருவர் அவளிடம் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. பணம் வேண்டாம். நீ வா.

நோரீன்


முதுகெலும்புப் பிரிவு, மூன்றாம் வார்டு
28 மே 2006

அன்புள்ள டெக்லன் மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமா? நான் நலம் என்று எழுதினால் சிரிப்பீர்கள், ஆனால் கை நன்றாக வேலை செய்கிறது, கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். சக்கர நாற்காலியில் வராந்தாவின் கடைசிவரை போய் வந்தேன். வளைவில் ஒரு நர்ஸை இடித்துவிட்டேன்.

ஒரு மாதமாகக் கதவு திறக்கும்போதெல்லாம் நீங்கள்தான் என்று பார்த்தேன். குட்டிகளைப் பழக்கும் காலம், மாமாவால் நகர முடியாது என்று அம்மா சொல்கிறாள். சொல்லும்போது ஜன்னலைப் பார்க்கிறாள். காரணம் எனக்குப் புரிகிறது மாமா. உங்கள் கையால் வளர்த்த பிஷப்பை நான் கொன்றுவிட்டேன். அது என்னை நம்பி வந்தது, நான் கேட்ட இடத்தில் தாண்டியது. நான்தான் தப்பாகக் கேட்டேன். என் முகத்தைப் பார்க்க உங்களுக்கு மனம் வராதது நியாயம்தான்.

இதோடு ராசிக்காசை அனுப்புகிறேன். குதிரை போய்விட்ட பிறகு அதை நான் வைத்துக்கொள்ளக் கூடாது, கொடுத்தவருக்கே திரும்பிப் போக வேண்டும் என்று தாத்தா சொல்லுவாராம். தொண்ணூற்றொன்பது நோட்டு இருக்கிறது. ஒன்று என் பூட்ஸுக்குள் இருந்தது, பந்தயத்தன்று பூட்ஸை வெட்டி எடுத்தபோது அதுவும் போய்விட்டது. அதை நான் வேலைக்குப் போனதும் தந்துவிடுகிறேன்.

முடிந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
டெர்வ்லா